மூக்கம்மாள் வாசித்த பேர்கள்

மூக்கம்மாளைச் செக்கிங் டேபிளில் இருந்து எழுப்பிவிட்டதற்குக் கண் கோளாறு என்று கம்பெனியில் காரணம் சொன்னார்கள். அதெல்லாம் சும்மா. வாய்தான் காரணம். பனியனைத் திருப்பி, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலையில் கண்ணுக்கும் கைக்கும்தான் சம்பளம். மூக்கம்மாள் வாய்க்கும் சேர்த்து ஓவர்டைம் பார்த்தாள். அவள் சொல்லும் கதையில் லயித்துப்போய் அந்த டேபிள் பெண்கள் ஓட்டைப் பனியனையும் நல்ல பனியனோடு சேர்த்து மடித்து வைத்தார்கள். ஒரு தடவை மொத்தப் பெட்டியும் திரும்பி வந்தது. அன்றைக்கு முதலாளி திருமூர்த்தி அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து, கல்யாணமான கையோடு புருசன் முனீசுடன் திருப்பூருக்கு பஸ் ஏறியவள் மூக்கம்மாள். வேலை போச்சு என்று முடிவு கட்டிக்கொண்டுதான் உள்ளே போனாள். திருமூர்த்தியோ தோட்டத்துப் பூமியை விற்று மிஷின் வாங்கிப் போட்ட கொங்குக் குடியானவர். கோபம் வந்தாலும் ‘ங்க’ போடாமல் பேசத் தெரியாது. “ஏனுங்க மூக்கம்மா, உங்களுக்குப் போன்ல பேச வருமுங்களா?” என்று கேட்டார். மூக்கம்மாளைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

திருமூர்த்தியும் இன்னும் சில முதலாளிகளும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை நடத்திவந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களுக்குத் துணையாக வந்து வராந்தாவில் சுருண்டு கிடக்கிற சனங்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிற வேலை. ஒரு நாள் சாப்பாட்டை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும். பெரும்பாலும் தாய் தகப்பன் செத்த நாளாக இருக்கும். ரசீதைப் பணம் கொடுத்தவர் பேரில் போட விடமாட்டார்கள். “எங்கப்பன் பேர்ல போடுங்க, நான் என்னத்தப் பெருசாப் பண்ணிப்போட்டேன்” என்பார்கள். ஆக, ரசீதில் பேர் செத்தவருடையது, அதன் கீழே போன் நம்பர் உயிரோடு இருப்பவருடையது. அங்கே இதை யாரும் யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பின்னால் வந்த அத்தனை கூத்துக்கும் காரணம் இதுதான்.

மூக்கம்மாளின் வேலை, அந்தந்தக் குடும்பத்துக்கு முந்தின நாள் போன் போட்டு நினைவூட்டுவது. ஒரு நிமிசத்தில் முடிய வேண்டிய காரியத்தை அவள் ஒரு நாளும் ஒரு நிமிசத்தில் முடித்ததில்லை. எல்லாரும் அவளுக்கு அண்ணாச்சிதான். திருப்பூரில் அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர் என்று அர்த்தம். ஏற்றுமதி முதலாளிகளை அப்படிக் கூப்பிடாதே என்று முனீஸ் தலைதலையாக அடித்துக்கொண்டான். அவள் கேட்டால்தானே. அவர்களும் சிரித்துக்கொண்டே அந்தப் பேருக்குக் குரல் கொடுக்கப் பழகிவிட்டார்கள். செத்தவர் எப்படிச் செத்தார், என்ன சாப்பிடப் பிடிக்கும், கடைசி நாளில் யாரைக் கேட்டார், எல்லாம் அவளிடம் வந்து சேர்ந்தன. அப்பாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் போதும், மறுநாள் பந்தியில் கத்தரிக்காய்க் குழம்பு இருக்கும்.

அப்படிப் பேசியவர்களில் காதர்பேட்டை பெருமாள்சாமி தனி. எக்ஸ்போர்ட்டில் கழித்துக்கட்டிய பனியன்களை மூட்டை மூட்டையாக வாங்கி, வடநாட்டு வியாபாரிகளுக்கு விற்கிற மனிதர். கடையில் விலை பேசும்போது நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அவர் மனைவி மயிலாத்தாள் போன பிறகு, மகனும் மருமகளும் அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு பிரஷர் ஏறும் என்று வீட்டில் அவளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். மாசி மாதம் ஒரே ஒரு நாள், மூக்கம்மாள் போன் போட்டு “நாளைக்கு அண்ணியோட நாளுங்க அண்ணாச்சி” என்று ஆரம்பித்தால், கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வார். அப்புறம் அவர் பேசுவார், இவள் கேட்பாள். மூக்கம்மாள் வாயை மூடிக்கொண்டு கேட்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு போனில்தான்.

முதல் வருசம் ரசீதுக்குப் பேர் கேட்டபோது அவர் முதலில் மயிலாத்தாள் என்றுதான் சொன்னார். பிறகு, மயிலாத்தாள் என்று போட வேண்டாம், மயிலு என்று போடுங்கள் என்றார். ரேசன் கார்டில், பத்திரத்தில், கல்யாணப் பத்திரிகையில், ஊரார் வாயில் எல்லாம் அவள் மயிலாத்தாள்தான். மயிலு என்று கூப்பிட்டது அவர் மட்டும். அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாதபோது. “ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க அம்மிணி, இந்த வயசுல சிரிப்பாங்க” என்று வெட்கத்தோடு கேட்டுக்கொண்டார். மூக்கம்மாள் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள்.

இந்த நேரத்தில்தான், 2007 கோடையில், சுரேந்தர் வந்து சேர்ந்தான். அந்த வெயிலிலும் கழுத்தில் டை. கோயமுத்தூரில் மார்க்கெட்டிங் கம்பெனி என்றான். அறக்கட்டளைச் சமையல்கட்டில் அப்போது விறகு அடுப்பு. சோறு வடிக்கிற நாச்சிமுத்துவின் கையில் சுட்டுக்கொள்ளாத இடமே இல்லை. சுரேந்தர் அதை ஒரு நோட்டம் விட்டான். புத்தம்புதிதாக ஸ்டீம் பாய்லர் ஒன்று தன் செலவில் இறக்கிவிடுவதாகவும், பதிலுக்குக் காசு பணம் ஒன்றும் வேண்டாம், கொடையாளர்களின் பேரும் போன் நம்பரும் தந்தால் போதும் என்றும் சொன்னான். தர்மம் பண்ணுகிறவர்கள் நல்ல மனசுக்காரர்கள், கையிலும் நாலு காசு இருக்கும், அவர்களுக்கு நல்ல நல்ல திட்டங்களைச் சொல்லலாம் பாருங்கள் என்று குழைந்தான்.

திருமூர்த்தி கொஞ்சம் யோசித்தார். திருட்டுச் சாமானா என்ன, வெறும் போன் நம்பர்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூக்கம்மாளையும் கேட்டார். அவளுக்கு நாச்சிமுத்துவின் கைதான் கண்ணுக்குத் தெரிந்தது. கொடுத்துவிடுவோம் என்றாள். அதுமட்டுமா, கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு சுரேந்தர் அனுப்பிவைத்த பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, ரசீதுப் புத்தகத்து அடிக்கட்டைகளைப் புரட்டிப் புரட்டி அவளே வாசித்தாள். டீயும் போண்டாவும் வந்தபடி இருந்தன. ஒவ்வொரு பேருக்கும் அவள் ஒரு கதை சொன்னாள். அந்தப் பெண் கதையை விட்டுவிட்டுப் பேரையும் நம்பரையும் மட்டும் தட்டிக்கொண்டாள். மயிலு வந்தபோது மூக்கம்மாள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. கட்டையில் இருந்ததை அப்படியே வாசித்தாள்.

பாய்லர் வந்து இறங்கியது. சோறு மல்லிகைப்பூவாக வெந்தது. நாச்சிமுத்து அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தான்.

அப்புறம் திருப்பூரில் செத்தவர்களுக்கெல்லாம் போன் வர ஆரம்பித்தது.

பதினோரு வருசத்துக்கு முன்னால் காலமான ஒரு பெரியவரைக் கேட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள். உங்கள் காலத்துக்குப் பிறகு குடும்பம் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா சார் என்று கேட்டிருக்கிறாள். குடும்பம் நல்லாத்தான் இருக்குங்க, ரெண்டு பாகமாகி கோர்ட்டில் நிற்குது என்றாராம் மகன். அவிநாசி ரோட்டில் சைட் விற்கிறவன் இன்னொரு வீட்டுக்குப் போன் போட்டு, ஐயாவுக்கு முப்பதுக்கு நாற்பதில் அருமையான இடம் இருக்கிறது என்றான். அவர் ஆறுக்கு மூணிலேயே செட்டில் ஆகிவிட்டார் என்று அந்த வீட்டில் பதில் சொன்னார்கள். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் கந்தப்பனின் மாமியாருக்கு முடி கொட்டாமல் இருக்க எண்ணெய் வேண்டுமா என்று கேட்டு வாரத்துக்கு ஒரு போன். உயிரோடு இருந்தபோதே அந்தக் கிழவி மொட்டைதான்.

இதெல்லாம் மூக்கம்மாள் காதுக்கும் வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். தன் வாயில் இருந்து புறப்பட்ட வண்டிதான் இப்படி ஊர் சுற்றுகிறது என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. மறுநாளுக்குப் போன் போடும்போது மட்டும் நிறைய பேர் எடுப்பதில்லையே என்று யோசித்தாள். தெரியாத நம்பர், தெரிந்த நம்பர் என்று பார்க்காமல் சனங்கள் எல்லாவற்றையும் வெட்டிவிட ஆரம்பித்திருந்தார்கள்.

அடுத்த கூத்து பெருமாள்சாமி வீட்டில். ஒரு காலையில் தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண், மயிலு மேடம் இருக்காங்களா என்று கேட்டாள். மேடத்துக்குக் குலுக்கலில் கோவா சுற்றுலா பரிசாக விழுந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். தனியாக வந்தால் கிடையாதாம். பெருமாள்சாமி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பேர் யார் சொன்னது என்று கேட்டார். சிஸ்டத்தில் இருக்கிறது என்றாள் அவள். சரி, ரெண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, சுவரில் இருந்த மயிலாத்தாள் படத்தை இறக்கித் துடைத்து, துணிப்பையில் வைத்து ஓட்டலுக்குக் கிளம்பினார். ஏசி ஹாலில் ஜோடி ஜோடியாக ஆட்கள், காதர்பேட்டைக்காரர்களும் சிலர். வாசலில் நின்ற பெண் மயிலு மேடம் வரவில்லையா என்று எல்லார் காதிலும் விழக் கேட்டாள். அவர் படத்தை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்தார்.

“வந்திருக்கறாள் கண்ணு. இருக்கறப்ப ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போறேன், போறேன்னு சொல்லியே ஏமாத்திப்போட்டேன். இப்பக் கோவான்னதும் கெளம்பிட்டாள்.”

ஜூஸ் கொண்டுவந்த பையன் பழக்கதோசத்தில் படத்துக்கும் ஒரு டம்ளர் வைத்தான். மேடையில் ஒருத்தன் கடற்கரைப் படங்களைக் காட்டி, குடும்பத்தோடு கடைசியாக எப்போது வெளியூர் போனீர்கள் என்று முழங்கிக்கொண்டே வந்தவன், அந்த நாற்காலியைப் பார்த்ததும் சுருதி இறங்கிவிட்டான். பெருமாள்சாமி கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து, ரெண்டு டம்ளர் ஜூசையும் குடித்துவிட்டு, ஜோடிகளுக்குக் கொடுக்கிற பிளாஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

திங்கட்கிழமை காதர்பேட்டை முழுக்க இதே பேச்சு. ஒரு கடைக்காரர் போனில் மூக்கம்மாளிடம் நடித்தே காட்டினார். ஜூஸ் கட்டம் வந்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சிரிப்பு. அப்போது அவர், பேரைக்கூட மயிலு மயிலு என்று செல்லமாகக் கூப்பிட்டார்களாம், மயிலாத்தாளுக்கு அப்படி ஒரு பேர் இருப்பதே இத்தனை வருசம் எங்களுக்குத் தெரியாது என்றார். மூக்கம்மாளுக்குச் சிரிப்பு அங்கேயே நின்றது. போனை வைத்தாளா, அப்படியே விட்டாளா என்று அவளுக்கே தெரியாது.

அன்று மத்தியானமே பெருமாள்சாமி அறக்கட்டளைக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. திருமூர்த்தி நாற்காலி போடச் சொன்னார், அவர் உட்காரவில்லை. எங்கிருந்து போனது என்று தெரிந்துகொண்டுதான் வந்தேன், அந்தப் பேர் எழுதின காகிதம் உலகத்தில் இங்கே மட்டும்தான் இருக்கிறது என்றார். திருமூர்த்தி மழுப்பினார். பாய்லரைக் காட்டினார். ஏழைகள் சுடுசோறு சாப்பிடுகிறார்கள், யாருடைய சொத்தும் போகவில்லை, வேண்டாத போனை வெட்டிவிட்டால் தீர்ந்தது என்றார். கோயமுத்தூருக்குப் போன் போட்டு அந்தப் பேரை அழித்துவிடச் சொல்கிறேன் என்றும் சொன்னார். சுரேந்தரோ பட்டியல் கைக்கு வந்த வாரமே அதை இன்னும் மூன்று பேருக்குக் கைமாற்றிவிட்டிருந்தான்.

பெருமாள்சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ரிஜெக்ட் துணிய என்ற கடைக்கு அனுப்பறப்பக்கூட கத்திரிய வெச்சு லேபிள வெட்டிப்போட்டுத்தான அனுப்பறீங்க? வாங்கற பையர் பேரு சந்தைக்கு வரப்படாது, வந்தா ஆர்டர் போயிருமுன்னு. வெள்ளக்காரன் பேருக்கு அத்தன மரியாதைங்க. என்ற பொண்டாட்டி பேர லேபிளோட வித்துப்போட்டீங்களே.”

திருமூர்த்தி எத்தனை மூட்டைக்கு லேபிளை வெட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறார். ஒரு லேபிள் தப்பிப்போனதற்காக ஓர் ஆளையே வேலையை விட்டு நிறுத்தியவர் அவர். காது மடல் சிவந்துபோயிற்று.

மூக்கம்மாள் தூணோரம் நின்றாள். பாவி, நான்தானே வாசித்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. அதைச் சொல்லியும்விட்டாள். பெருமாள்சாமி அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அம்மிணி, இனி எனக்குப் போன் பண்ணாதீங்க” என்றார்.

திருமூர்த்தி பாய்லருக்கான பணத்தை சுரேந்தரிடம் கொடுத்துக் கணக்கை முடித்தார். பேர்கள் திரும்பி வரவில்லை. போனபின் அவற்றைத் திருப்பி வாங்குகிற வழி ஒன்றும் இல்லை என்று வக்கீலும் கையை விரித்துவிட்டார். இனி ரசீதுக் கட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டுவது, சாவி தன்னிடமே இருப்பது என்று அறக்கட்டளைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து மூக்கம்மாளுக்கே பாவமாக இருந்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. போனைத்தான் யாரும் எடுப்பதில்லையே, காலுக்கு என்ன கேடு என்று புறப்பட்டாள். கம்பெனி கம்பெனியாக, வீடு வீடாக ஏறி, “நாந்தான் அண்ணாச்சி உங்கப்பா பேரை வாசிச்சுக் குடுத்தேன், பாய்லருக்கு ஆசைப்பட்டுப் புத்திகெட்டுப் போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க” என்று சொன்னாள். சோமனூரில் ஒரு தறிக்காரர், தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் நன்கொடை கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்து ஐம்பது ரூபாயை நீட்டினார். ஓர் அம்மாள் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு, அப்புறம் மோர் கொடுத்தாள். கந்தப்பன் மன்னிப்பெல்லாம் கிடக்கட்டும், அந்த அவிநாசி ரோட்டு சைட்காரன் நம்பர் இருந்தால் கொடு, எனக்கு ஓர் இடம் வேண்டும் என்றார். கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் அவள் போனை மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள்.

பெருமாள்சாமி கடைப் பக்கம் மட்டும் அவள் போகவில்லை. காதர்பேட்டையில் பஸ் நின்றால்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டாள். போன் பண்ணாதே என்று சொன்ன மனுசனுக்கு முன்னால் போய் நிற்பது மட்டும் என்ன நியாயம் என்று இருந்தது.

மாசி பிறந்தது. அந்த நாளுக்கு முந்தின நாள் அவள் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஏண்டி உசுரை வாங்குகிறாய், ஒரு தடவை போட்டுத்தான் பாரேன் என்று முனீஸ் சலித்துக்கொண்டான். போட மாட்டேன் என்றாள். மனுசன் இந்த வருசம் யாரிடம் பேசுவார், மூட்டைக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பாரோ என்று நினைத்து அழுகை வந்தது. அழுதாள். மறுநாள் சாப்பாட்டுக்கு யாரும் பேர் கொடுக்கவில்லை. அறக்கட்டளை அரிசியில் ஆக்கலாம் என்று திருமூர்த்தி சொல்லிவிட்டார்.

மறுநாள் உலை கொதிக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெருமாள்சாமி அரிசி மூட்டையோடு இறங்கினார். பின்னாலேயே ஒரு கூடை கத்தரிக்காய். சமையல்கட்டுக்குள் போய் நாச்சிமுத்துவிடம் குழம்புக்குப் பக்குவம் சொன்னார். மூக்கம்மாள் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து தயங்கித் தயங்கி நின்றாள். பேனாவைத் திறந்தாள்.

ரசீது வேண்டாம் என்றார் அவர். பேரும் வேண்டாம் என்றார். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். ஏன் என்றும் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பந்தியில் ஒரு பாட்டி இன்றைக்கு யார் வீட்டுச் சாப்பாடு தாயி என்று கேட்டபோதும், சாப்பிடுங்க அம்மா என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள். பெருமாள்சாமி தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தி முடிந்து கிளம்புகிற நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தொல்லை தாங்காமல் பழைய சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டதாகச் சொன்னார். புது நம்பர் மகனுக்கும் ரெண்டு பெரிய வியாபாரிகளுக்கும் மட்டும்தான் தெரியுமாம். நேற்று முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள், உங்களிடம்தான் நம்பரே இல்லையே என்றார். சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்தார்.

“அடுத்த மாசிக்குக் கூப்புடுவீங்கல்ல, அம்மிணி?”

மூக்கம்மாள் தலையை ஆட்டினாள். அவர் நம்பரைச் சொல்ல ஆரம்பித்ததும் கை தன்னால் பேனாவைத் தேடியது. அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“எழுத வேண்டாமுங்க. போன்லயும் ஏத்த வேண்டாம். மனசுல வெச்சுக்கங்க.”

முனீஸ் நம்பரையே இன்றுவரை மனப்பாடமாகத் தெரியாதவள் அவள். மறுபடி சொல்லுங்க என்றாள். சொன்னார். இன்னொரு தடவை என்றாள். அவள் திருப்பிச் சொல்லி, நடுவில் தடுமாறி, அவர் திருத்தி, ஒருவழியாகப் பத்து எண்ணும் வரிசையாக வந்து நின்றன. அவர் ஆட்டோவில் ஏறிப் போனார்.

அன்று மாலை பஸ்ஸில் வழக்கமாக அவளோடு வருகிற பெண்கள், என்னக்கா, ஊரில் என்ன விசேசம் என்று கதை கேட்க நெருங்கி உட்கார்ந்தார்கள். மூக்கம்மாள் கையை உயர்த்தி அவர்களைத் தடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கண்டக்டர் வந்து எங்கே இறங்கணும் என்று ரெண்டு தடவை கேட்டார். கடைசி எண்ணைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குப் பதில் சொன்னாள்.